பேர் கூப்பிட்ட நாள்

இன்று காலை செய்தித்தாள் நனைந்து வந்தது. பாலசமுத்திரத்தில் இரண்டு நாளாக விடாத மழை. வாசலில் விழுந்த தாள் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மகள் அதைத் தூக்கிப் போடப் போனாள். நான் வாங்கிக்கொண்டு போய், தோசைக்கல்லைச் சூடாக்கி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து அதன்மேல் காட்டினேன். ஈரக் காகிதமும் மையும் சூட்டில் சேர்ந்து அந்த வாசனை எழுந்தது. நீங்கள் எனக்குப் பின்னால் நின்று, போதும் சார் கருகிரும், என்று சொல்லப்போவது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவன் தன் வீட்டு அடுப்படியில் பட்டப்பகலில் பயந்துபோய் நின்றான் என்பதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

நீங்கள் காலமான செய்தி போன மாதம் வந்தது. நீங்கள் நடத்திய கிளை நூலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் எழுதியிருந்தார். உங்கள் பெட்டியில் இருந்த பழைய ஆய்வுக் குறிப்பு ஒன்றில் என் பெயர் இருந்ததாம். தெரியப்படுத்த வேண்டிய ஆள் என்று நினைத்தாராம். விசாரித்து விலாசம் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்கு இரண்டு வரியில் நன்றி எழுதிப் போட்டுவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டியது மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஊருக்கு நான் முதலில் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எனக்கு முப்பது வயது. உங்களுக்கும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். நூலக ஆய்வாளர் என்பது என் வேலைக்குப் பெயர். அரசு மானியத்தில் நடக்கிற மலைக் கிராமத்து நூலகங்களுக்கு உண்மையில் ஆள் வருகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஆள் குறைந்தால் மானியம் நிற்கும். மானியம் நின்றால் பேப்பர் நிற்கும், உங்களைப் போன்றவர்களின் சம்பளம் நிற்கும், புத்தகங்களை மூட்டை கட்டிக் கொடைக்கானலுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நானே இரண்டு கிளைகளுக்கு அப்படி எழுதியிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை.

பேத்துப்பாறையில் பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல் நடந்தேன். காப்பித் தோட்டத்து ஓரமாக ஏறும் வண்டிப்பாதை. மூடுபனியில் நான் வைக்கிற அடுத்த அடி மட்டும்தான் தெரிந்தது. தகரக் கூரை போட்ட உங்கள் வாசகசாலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு மூக்கால்தான் கண்டுபிடித்தேன். உள்ளே ஒரு கரியடுப்பின்மேல் நீங்கள் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் மற்றப் பக்கங்கள் துணி காய்வது போலத் தொங்கின.

“பேப்பர் இங்க வந்து சேர்றதுக்குள்ள தொவைச்ச சீலை மாதிரி ஆயிரும் சார். காய வச்சாத்தான் படிக்க முடியும்” என்றீர்கள். நான் யார் என்று கேட்கவில்லை. கையில் பையோடு மலையேறி வருகிற ஆள் யாராக இருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்று முழுவதும் மூலையில் உட்கார்ந்து எண்ணினேன். பதினோரு பேர் வந்தார்கள். பெரும்பாலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கூலிவேலை பார்த்தவர்கள். வந்ததும் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் என்ன நடந்தது என்று உள்பக்கத்தில் தேடுவார்கள். படிக்கத் தெரிந்தவர் மெதுவாக வாசிப்பார், மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். உங்கள் வருகைப் பதிவேட்டிலோ எந்த நாளை எடுத்தாலும் முப்பது கையெழுத்துக்குக் குறையவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கை. ஒன்று சாய்ந்தது, ஒன்று நடுங்கியது, ஒன்று சுவரெழுத்து மாதிரிப் பெரிது. ஒரே ஆள் போட்ட பொய்க் கையெழுத்துகளை நான் பலமுறை பிடித்திருக்கிறேன். இவை அப்படி இல்லை.

டீக்கடைக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வெள்ளனே வந்தேன், வாசகர்கள் வருவதற்கு முன்பே பதிவேட்டைப் பார்த்துவிடலாம் என்று. ஆனால் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. சன்னல் பாதி திறந்திருந்தது. அதன் வழியாகப் பனி உள்ளே இறங்கி இரண்டு பெஞ்சுகளின்மேலும் படிந்திருந்தது. நீங்கள் பதிவேட்டோடு மேசைக்குப் பின்னால் நின்றீர்கள். அறையில் வேறு ஆள் இல்லை.

“ராமையா” என்று கூப்பிட்டீர்கள்.

பிறகு பேசாமல் நின்றீர்கள். பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து மேசை வரைக்கும் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். குனிந்து எழுதினீர்கள். நிமிர்ந்து, யாரோ தன் இடத்துக்குத் திரும்பிப் போவதைப் பார்ப்பது போலக் கண்ணால் பெஞ்சு வரை போய் வந்தீர்கள்.

“முனியம்மா.”

மறுபடியும் அதே நேரம். முனியம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தீர்கள், வயதானவர் போலும். இன்னொரு பெயருக்குப் பேனாவை இடது கைக்கு மாற்றினீர்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை விறைத்துவிட்டது. குளிரால் என்று அப்போது நினைத்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது நீங்கள் திடுக்கிடவில்லை. “உக்காருங்க சார். இன்னும் நாலு பேரு இருக்காங்க” என்றீர்கள். நான் உட்கார்ந்தேன். பெஞ்சின் ஓரத்தில், ஆள் இருக்கிற பெஞ்சில் இடம் விட்டு ஒதுங்கி உட்காருவது போல. அதை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.

நாலு பேரையும் கூப்பிட்டு முடித்துப் பேனாவை மூடினீர்கள்.

“யாரும்மா இவங்கல்லாம்?”

“எங்க லயத்து ஆளுக. அங்க தோட்டத்துல வரிசையா வீடு இருக்கும், அதுக்கு லயம்னு பேரு. காலைல எல்லாரையும் களத்துல நிக்கவச்சுப் பேரு கூப்புடுவாங்க. பெரட்டுன்னு சொல்லுவோம். கூப்புடுறது எங்கப்பா. பேரு கூப்பிட்டு வந்தாத்தான் அன்னைக்கு வேலை, சோறு எல்லாம்.”

“இப்ப அவங்க எங்க?”

“பாதிப் பேரு பஞ்சத்துல போயிட்டாங்க. கொஞ்சப் பேரு அடிதடில. சில பேரு எங்க கெடக்குறாங்கன்னே தெரியல.” சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு கரித்துண்டைப் போட்டீர்கள். “இந்தியாவுக்குப் போறதுக்கு ஃபாரம் வந்தப்ப, கைநாட்டு வச்சா அசிங்கம்னு எல்லாருக்கும் நாந்தான் பேரு எழுதப் பழக்கினேன். அவங்க கையெழுத்தெல்லாம் நான் போட்டுக் குடுத்ததுதான் சார். அதனால எனக்கு வருது.”

“இது பொய்க் கணக்கு. தெரியுமில்ல?”

“பொய்னே எழுதிக்கங்க. மானியம் நின்னா அந்தப் பதினோரு பேரும் ஊர்ச் சேதி கேக்க எங்க போவாங்க? இந்த ரூமையும் மூடிட்டா, இவங்கள நான் எங்க வச்சுக் கூப்புடுறது?”

நான் பொய் என்று எழுதவில்லை. ‘பதிவேடு பார்வையிடப்பட்டது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது இரக்கத்தால் அல்ல என்று இன்றைக்குச் சொல்லலாம். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இல்லை என்று எழுத எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை வந்தேன். விதிப்படி வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் போதும். என் அறிக்கையினால் ஒரு புது பெஞ்சும் இன்னொரு பேப்பரும் உங்களுக்குக் கிடைத்தன. வரும்போதெல்லாம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுப்பீர்கள். அப்படி ஒருநாள்தான் பொன்னையாவைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் கணவர். இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது உங்கள் தகப்பனார் குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது, அவர் குடும்பத்துக்கு அங்கேயே பிரஜாவுரிமை என்று வந்தது. எப்படியும் பின்னால் வந்துவிடுகிறேன் என்று ரயிலடியில் சொன்னாராம். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு அங்கே கலவரம், பிறகு ஒன்றுமில்லை. பெரட்டுக் களத்துக்கு அவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள். அதனால் அவர் பெயரைக் கடைசியில் வைத்திருந்தீர்கள். தினமும் கடைசிக் கையெழுத்து அவருடையது.

நான் அப்போது கல்யாணம் ஆகாதவன். உங்களிடம் நான் எதையும் சொன்னதில்லை. நீங்களும் எதையும் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

இரண்டாம் வருஷம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதிய தணிக்கை அதிகாரி வந்தார். பதிவேடுகளை வரவழைத்து வரிசையாகப் பார்த்தவர் உங்களுடையதில் நின்றுவிட்டார். “என்னய்யா இது? மழை பெய்யுது, பொங்கல் வருது, ஒரு ஆள் கொறையல. பனி கொட்டுற மலையில இத்தனை படிப்பாளியா?” உறுப்பினர் அட்டை இல்லாத பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். இருபத்தொன்று. அத்தனையும் உங்கள் லயத்துப் பெயர்கள். அவர்கள் எல்லோரும் குறிப்பிட்ட நாளில் காலை பத்து மணிக்கு நூலகத்தில் ஆஜராக வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார். பாதிப் பேராவது வராவிட்டால் மானியம் ரத்து, உங்கள் மீது வழக்கு. அறிவிப்பை நகல் எடுத்து ஒட்ட வேண்டியவன் நான்.

செத்துப்போனவர்களுக்கு அரசாங்க முத்திரையோடு அழைப்பு எழுதினேன். கொடைக்கானல் பஸ் நிலையத்தில் ஒன்று, பேத்துப்பாறையில் ஒன்று, ரேஷன் கடைச் சுவரில் ஒன்று ஒட்டினேன். பிறகு உங்களிடம் வந்து, அங்கிருந்து ஓடிப்போய்விடுங்கள் என்று சொல்லாத குறையாகச் சொன்னேன்.

நீங்கள் அறிவிப்பின் நகலை இரண்டு தடவை படித்தீர்கள். “கூப்பிடத்தான சொல்றாங்க சார்? கூப்பிடுவோம்” என்றீர்கள்.

அந்த நாள் விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. அதிகாரியும் நானும் ஜீப்பில் வந்தோம். விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுநர் மலையேற்றினார். பத்து மணிக்கு அறையில் இருந்தது நாம் மூன்று பேர்தான். வழக்கமாக வருகிற பதினோரு பேரும் ஜீப்பைப் பார்த்துவிட்டு ஒதுங்கியிருந்தார்கள். நீங்கள் அன்றைக்கும் பேப்பரைக் காய வைத்து மடித்து வைத்திருந்தீர்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கால் மணி நேரம் பாக்கலாம்” என்றார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. சரளைக் கல்லில் பல கால்கள் நடக்கிற சத்தம், பேச்சு இல்லாமல். பிறகு பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஆண்கள், தோளில் கம்பளி போர்த்திய பெண்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. உங்களுக்கும் பனியில் அடையாளம் தெரியவில்லை என்பதை உங்கள் முகத்தில் பார்த்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். அறை கொள்ளாது என்று தெரிந்தோ என்னவோ, வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். பெரட்டுக்கு நிற்பது போல.

அறிவிப்பு எழுதியவன் நான். அதற்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

“கூப்பிடுங்க” என்றார் அதிகாரி.

“ராமையா.”

ஒரு நடுத்தர வயதுப் பெண் உள்ளே வந்தாள். “ராமையாவுக்கு வந்திருக்கேன்.”

அதிகாரியின் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. தலையை நிமிர்த்தாமல் ஒரு கோடு போட்டார். “அடுத்தது.”

“முனியம்மா.”

ஓர் ஆள் குல்லாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். “முனியம்மாவுக்கு வந்திருக்கேன்.”

அதிகாரி நிமிர்ந்தார். அந்த ஆளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். “முனியம்மா எங்கய்யா?”

“எங்கம்மாங்க. பஞ்சத்துல அங்கயே போயிருச்சு. நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குறேங்க. எங்கம்மா பேரப் போட்டு கவர்மெண்டு வரச் சொல்லியிருக்குன்னு லாரிக்காரங்க சொன்னாங்க. என்ன சோலியா இருந்தாலும் விட்டுட்டுப் போகணும்னு வந்தேன்.” அவர் சற்று நின்று, தயங்கிக் கேட்டார்: “அம்மா இங்க வந்து படிச்சாங்களாங்க?”

நீங்கள் அவரிடம், “தினம் வருவாங்க” என்றீர்கள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வைத்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பனியில் முகங்கள் தெரியவில்லை, உருவங்கள் மட்டும்தான். வந்தவர் யார், வராதவர் யார் என்று பிரிக்க முடியாதபடி நின்றார்கள். அதிகாரி வெகு நேரம் அதைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “அடுத்த பேரக் கூப்பிடுங்கம்மா” என்றார்.

காளிமுத்துவுக்கு வந்திருந்தார்கள். செல்லம்மாவுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். இடது கைக்காரருக்கு அவர் மகள் வந்திருந்தாள், அவளும் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இருபது பெயருக்கும் ஆள் வந்துவிட்டது. கடைசியாக நீங்கள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டீர்கள்.

“பொன்னையா.”

யாரும் உள்ளே வரவில்லை. சட்டென்று நீங்கள் தலை நிமிர்ந்தீர்கள். வெளியே, வரிசைக்கும் பின்னால், பேரிக்காய் மரம் நிற்கிற பக்கம் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்பும் பின்பும் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“கேட்டுச்சா சார்?”

“என்னதுங்க?”

“ஆள் சத்தம். அங்கிட்டு இருந்து.”

“இல்லைங்களே” என்றேன்.

இரண்டாம் தடவை கூப்பிட்டீர்கள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி அந்தப் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டார். கீழே அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: ‘அழைக்கப்பட்ட இருபத்தொரு பெயர்களில் இருபதுக்கு ஆட்கள் வந்தனர். மானியம் தொடரலாம்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உங்கள் நூலகம் தப்பியது. சில வருஷத்தில் ஓட்டுக் கட்டடம் வந்தது. வந்தவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி பிடித்து வந்து தங்கள் ஆட்களின் பெயரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலு பக்கம் படித்துவிட்டுப் போனார்கள். பொய்யாக எதையும் கூட்டாமலே உங்கள் பதிவேடு நிறைந்தது.

ஆனால் அடுத்த மாதம் நான் வந்தபோது பொன்னையாவின் கையெழுத்து அதில் இல்லை. கேட்டேன். “மூணு தரம் கூப்பிட்டு வரலைன்னா பேரை அடிச்சிருவாங்க சார். எங்கப்பாவே அடிச்சிருக்காரு” என்றீர்கள். உங்கள் நெற்றி வெறுமையாக இருந்தது. அன்று கட்டஞ்சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சமவெளிக்கு வந்துவிட்டேன். கல்யாணம் செய்துகொண்டேன். மனைவி நல்லவள், இப்போது அவளும் இல்லை.

பிறகு ஒரே ஒரு தடவை உங்களைப் பார்த்தேன், பல வருஷம் கழித்து, ஒட்டன்சத்திரம் பஸ் நிலையத்தில். தலை நரைத்திருந்தது. பஸ் புறப்படப் போகும் நேரம் சன்னல் வழியாகக் குனிந்து கேட்டீர்கள்: “அன்னைக்கு நெசமாவே உங்களுக்குக் கேக்கலையா சார்? எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சுன்னா, புத்தி பெசகிருச்சோன்னு இருக்கு.”

பஸ் நகர்ந்தது. “இல்லைங்க” என்று மறுபடியும் சொன்னேன்.

கேட்டது. உங்களுக்குக் கேட்டது போலவே எனக்கும் கேட்டது. மேடேறி வந்தவனின் மூச்சிரைப்போடு ஓர் ஆண் குரல், “இந்தா வந்துட்டேன் புள்ள” என்றது. தாமதமாக வந்தவன் கெஞ்சுவது போலக் கொஞ்சம் சிரிப்பும் அதில் இருந்தது. நான் கேட்கவில்லை என்று சொன்னது அதிகாரிக்குப் பயந்து அல்ல. அவர் வரவேண்டாம் என்று நினைத்தேன். அரை நொடிதான் நினைத்தேன், அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு, ஜீப்பில் ஏறும் முன், அந்தப் பேரிக்காய் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். புல்லில் பனித்துளி துடைக்கப்பட்ட தடம் ஒன்று வண்டிப்பாதை வரைக்கும் இறங்கிப் போயிருந்தது. மாடு போன தடமாக இருக்கலாம். தோணியில் திருட்டுத்தனமாக வந்தவர் ஒருவர் அரசாங்க ஜீப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தடமாகவும் இருக்கலாம். நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. உயிரோடு வந்தாரா, செத்துப்போன மற்றவர்களைப் போல வந்தாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அது உங்களுக்குச் சேர வேண்டிய குரல். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது, வயதாகாமல், அதே மூச்சிரைப்போடு.

உங்கள் புத்தி பிசகவில்லை. நீங்கள் முதல் தடவை கூப்பிட்டபோதே அவர் பதில் சொன்னார். நான் சாட்சி.